சுவரின் இடது பாதி

நேற்று மாலை இறகுகளைக் கழுவி, பழைய செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்துவிட்டுத்தான் பேச்சிராஜா வீட்டுக்குப் போனான். ஏழு இறகுகள். எல்லாமே நாட்டுச் சேவலின் இடது இறக்கையிலிருந்து பிடுங்கியவை, எல்லாமே ஒரே பக்கமாக வளைந்தவை. இன்று காலை பத்தரைக்கு பம்பாய் மாட்டுங்காவில் வேலை நடக்கும் வீட்டின் நடு அறையைத் திறந்து அவற்றை அள்ளி எடுத்தபோது ஒன்று மட்டும் மறுபக்கமாக வளைந்திருந்தது. அதன் நுனியில் சாம்பல் நிறப் பெயின்ட். தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டியது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. வெறும் சுவரை இத்தாலி மார்பிளாகக் காட்டுகிற பெயின்ட் வேலை பேச்சிராஜாவுடையது. முதலில் வெள்ளை, அதன் மேல் ஸ்பாஞ்சால் ஒற்றிய சாம்பல் மேகம், கடைசியில் கல்லுக்குள் ஓடுகிற நரம்புகள். பிரஷ்ஷால் இழுத்தால் அது வெறும் கோடாகத்தான் இருக்கும், இறகால் இழுத்தால்தான் நரம்பு. வலது கைக்காரனுக்கு இடது இறக்கையின் இறகுதான் வாகாக வளையும். வலது இறக்கையின் இறகு இடது கைக்காரனுக்கு. தாராவியில் கோழிக்கடை வைத்திருக்கும் ஜமால் இரண்டையும் இரண்டு பைகளில் தனித்தனியாக எடுத்து வைப்பார், ஏனென்றால் அவரிடம் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர். பதினாலு மாதமாக ஒருவன்தான் போகிறான். இடது கைக்காரனான பூலோகம் செத்துப்போய்ப் பதினாலு மாதம் ஆகிறது.

ஜமால் பையை மாற்றிக் கொடுத்திருப்பார் என்று பேச்சிராஜா தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நேற்று ஏழு இறகையும் எண்ணிக் கழுவியது நினைவுக்கு வந்தது. அதை நினைக்காமல் அந்த இறகை ஒடித்துக் குப்பை வாளியில் போட்டான்.

வெளியே ஆடி மழை. காலையிலேயே அறைக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் ஜம்பு ரிட்டயர் ஆன வங்கி அதிகாரி, தனியாக இருப்பவர். வாஷியில் வேலை பார்க்கும் மகனும் மருமகளும் இங்கே திரும்பி வரப் போகிறார்கள், அவர்களுக்காகத்தான் இந்த அறை. அறுபது வருடக் கட்டடம், நிஜ மார்பிள் பலகையின் கனத்தைச் சுவர் தாங்காது என்றுதான் பெயின்ட் மார்பிள். ஏ.சி. வரப்போவதால் இருந்த ஒரே ஜன்னலையும் ஜிப்சம் போர்டால் அடைத்து, அதன் மேல்தான் இந்தச் சுவரைச் செய்திருந்தார்கள். அறைக்குள் காற்று வர கதவைத் தவிர வழியில்லை. உள்பக்கமாகத் திறக்கிற அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று நேற்றே கைப்பிடியைக் கழற்றி வைத்திருந்தான். கதவு மூடாமல் இருக்க சுவரில் பூசும் பட்டி மாவின் இருபது கிலோ வாளியை முட்டுக் கொடுத்திருந்தான். பதினாலு மாதமாக எந்த வேலையிலும் கதவை மூடவிட்டதில்லை அவன்.

விளக்கைச் சுவர் பக்கம் திருப்பினான். திருப்பிய கை அப்படியே நின்றது.

இந்தச் சுவர் இரண்டு பாதி. திறந்து வைத்த புத்தகத்தின் இரண்டு பக்கம் மாதிரி, நடுக்கோட்டுக்கு வலப்புறம் ஓடுகிற நரம்பெல்லாம் இடப்புறத்தில் அப்படியே திரும்பி ஓட வேண்டும். பணக்கார வீடுகளில் நிஜக் கல்லை இரண்டாக அறுத்து விரித்து ஒட்டுவார்கள். பெயின்டில் அதைச் செய்பவர்கள் ஒரு பாதியை வரைந்து, பட்டர் பேப்பரில் பிரதி எடுத்து, திருப்பிப் போட்டு மறுபாதியில் வரைவார்கள். நேற்று அவன் வலது பாதியைத்தான், கீழே ஒரு முழம் தவிர, முடித்திருந்தான். இடது பாதி வெறும் மேகம்.

இப்போது அந்த மேகத்தின் நடுவே, நடுக்கோட்டிலிருந்து கிளம்பி, தோள் உயரத்தில் ஒரு நரம்பு ஓடியிருந்தது. தொடங்கும் இடத்தில் முடி அளவு, பிறகு விரல் தடிமன், பிறகு இரண்டாகப் பிரிந்து ஒன்று மேகத்துக்குள் கரைந்துபோயிருந்தது. பட்டர் பேப்பர் போட்டு இழுத்த கோட்டில் ஒரு தயக்கம் இருக்கும். இதில் தயக்கமே இல்லை. அறையில் பெயின்ட் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது, லேசாக, பல்லுக்கு மருந்து வைத்த மாதிரி. கிராம்பு.

பூலோகம் வேலை செய்யும்போது கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொள்வான். பெயின்டைக் கரைக்கும் தின்னரின் நாற்றத்துக்கு அதுதான் மருந்து என்பான்.

அவர்கள் இரண்டு பேருக்கும் பட்டர் பேப்பர் தேவைப்பட்டதே இல்லை. இவன் நடுக்கோட்டின் வலப்புறம் நிற்பான், அவன் இடப்புறம். தோளோடு தோள் உரசும். கோட்டின் மேல் இரண்டு இறகும் தொட்டுக்கொண்டு நிற்கும். பூலோகம் மூக்கால் ஒரு 'ம்' கொடுப்பான். அவ்வளவுதான், இரண்டு கையும் ஒரே நேரத்தில் விலகி ஓடும், ஒரே இடத்தில் நடுங்கும், ஒரே இடத்தில் பிரியும். ஒரே தெருவில் பிறந்து, ஒரே ரயிலில் பம்பாய் வந்து, தாராவியில் ஒரே அறையில் படுத்தெழுந்தவர்கள். செம்பூரிலும் தாணேயிலும் பெரிய வீடுகளில் இவர்கள் வேலை செய்வதைப் பார்க்க வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுண்டு. பார்த்தவர்கள் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான், இடது பக்கம் போட்டது யார்? அந்தக் கேள்வி பேச்சிராஜாவின் நெஞ்சில் ஒவ்வொரு தடவையும் முள்ளாகக் குத்தியது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஒரு துணியைத் தின்னரில் நனைத்து அந்த நரம்பை அழித்தான். பயத்தை விடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. செத்த பிறகும் நீதான் நல்லாப் போடுவியோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான். சாம்பல் பரவி வெள்ளையில் கலந்தது. மேலே மேகத்தை மறுபடி ஒற்றி, ஒன்றும் நடக்காத மாதிரி ஆக்கிவிட்டு, கை கழுவச் சமையலறைக்குப் போனான். திரும்பி வந்தபோது அறை வாசலில் டிசைனர் சாதனா நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மாட்டுங்காவிலேயே வளர்ந்தவள். இவனுக்கு ஆறு வருடமாக வேலை கொடுப்பவள். போனைத் தூக்கிப் பிடித்துச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"லெஃப்ட் சைடு ஆரம்பிச்சாச்சா பேச்சி? இந்த ஒரு நரம்பு போதும், அப்படியே ஒரிஜினல் ஸ்டோன். உங்க பழைய வேலை மாதிரி இருக்கு."

அவன் அவள் தோளுக்கு மேலே பார்த்தான். நரம்பு அதே இடத்தில் இருந்தது. முடி அளவு, விரல் தடிமன், இரண்டாகப் பிரிந்து, ஒன்று கரைந்து.

அவள் சொன்னதெல்லாம் அவன் காதில் பாதிதான் விழுந்தது. நாளைக் காலை எட்டு மணிக்குத் தாணேயிலிருந்து மேசை, அலமாரி எல்லாம் வந்து இறங்குகின்றன. இன்று சாயங்காலத்துக்குள் மேல்பூச்சு போட்டே ஆக வேண்டும். தண்ணீரில் கலக்குகிற பூச்சு வேண்டாம், அது மங்கலாக இருக்கும், கண்ணாடி மாதிரி முகம் தெரிய வேண்டும் என்று லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சு டின்னும் ஐந்து லிட்டர் தின்னரும் கொண்டுவந்து வைத்திருந்தாள். கதவைத் திறந்து வைத்துத்தான் போடுவேன் என்று அவன் சொன்னான். தூசி விழுந்தால் சுவர் போச்சு என்று அவள் சொன்னாள். அவன் தலை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவளுக்குப் பூலோகம் செத்த செம்பூர் வீடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சரி, திறந்தே வையுங்கள் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

பகல் ஒன்றே முக்காலுக்கு ஜம்பு எட்டிப் பார்த்தார். இந்தக் கட்டடத்தில் இரண்டிலிருந்து நாலு வரை ஓய்வு நேரம். ஆணி அடிக்கக் கூடாது, சாமான் நகர்த்தக் கூடாது, வேலைக்காரர்கள் மாடிப்படியில் ஏறி இறங்கக் கூடாது. லிஃப்டைக்கூட அந்த நேரத்தில் யாரும் அவ்வளவாகத் தொடமாட்டார்கள்.

"நாலு மணி வரைக்கும் ஒரு சத்தம் கூடாது கேட்டியா, கீழாத்துக்காரா நேரா பில்டிங் செக்ரட்டரிகிட்டப் போயிடுவா," என்றார். காதிலிருந்த மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டே சொன்னார், "எனக்கு ஒண்ணும் இல்லை. இதைக் கழட்டிட்டா வீடே இடிஞ்சு விழுந்தாலும் தெரியாது."

கடைசி அறைக்குள் அவர் போய்க் கதவைச் சாத்தியது கேட்டது. பேச்சிராஜா மார்க்கெட் பக்கம் பாக்கெட்டில் கட்டி வாங்கிவந்த டீயைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றி, மேலே ஒரு காகிதத்தை மூடி, அறைக்கு வெளியே சுவரோரம் வைத்தான். வேலை முடிந்த பிறகு குடிப்பது அவன் வழக்கம். போனைச் சமையலறையில் சார்ஜில் போட்டிருந்தான். உள்ளே வந்து பட்டி வாளி கதவுக்கு முட்டாக இருக்கிறதா என்று காலால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. முதலில் லிஃப்ட். பிறகு கீழ் வீட்டு மிக்ஸி. பிறகு யாரோ ஒருவர் வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஹிந்திச் செய்தி. கடைசியில் மழை மட்டும், அதுவும் அடைபட்ட ஜன்னலுக்கு அந்தப்புறத்தில், போர்டுக்குப் பின்னால் யாரோ அரிசி புடைக்கிற மாதிரி. தூரத்தில் ஒரு லோக்கல் ரயில் போனது. அதன் பிறகு தன் மூச்சுச் சத்தம் அவனுக்கே கேட்டது.

பட்டர் பேப்பரை வலது பாதியில் ஒட்டிப் பிரதி எடுக்கப் போனவன், ஒட்டாமல் நின்றான். வலது பாதியில் நேற்று முடிக்காமல் விட்ட இடம் கீழே ஒரு முழம் பாக்கி இருந்தது. முதலில் அதை முடித்துவிடலாம். இறகை நனைத்து, உதறி, நடுக்கோட்டில் வைத்தான்.

இடது தோளில் ஏதோ உரசியது. வெதுவெதுப்பாக. கடைவாயில் எதையோ கடிக்கும் சின்ன நொறுங்கல் சத்தம். கிராம்பு வாசனை கன்னத்தின் மேல் வந்து விழுந்தது.

'ம்.'

அவன் கை ஓடியது. நிறுத்த வேண்டும் என்று மனசு சொல்வதற்குள் கை ஓடிவிட்டது. கண்ணின் ஓரத்தில் இடது பாதியில் இன்னொரு நரம்பு அதே வேகத்தில் விலகி ஓடுவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கோடு நடுங்கிவிடும், அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியிருந்தது. கோடு முடிந்ததும் கை தானாகவே திரும்பி வந்து நடுக்கோட்டில் நின்றது. மறுபடி 'ம்'. மறுபடி ஓடியது.

பயத்துக்கு நடுவே அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் விடக் கேவலமாகத் தோன்றியது. பதினாலு மாதமாகப் பேப்பரும் பென்சிலுமாக அழுதுகொண்டிருந்த வேலை, இப்போது தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. தோள் உரசுகிற இடத்தில் பழைய சூடு. இவன் முழங்கால் மடக்கினால் அதுவும் மடக்கியது. இவன் குந்தினால் அதுவும் குந்தியது. மாப்ள என்று கூப்பிடக்கூட வாய் வந்தது. கூப்பிட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்குமோ.

கடைசி நரம்பு தரையைத் தொட்டது. தோளிலிருந்த சூடு விலகியது.

அவன் எழுந்து, பின்னால் நாலு அடி வைத்து, விளக்கைத் தூக்கிப் பிடித்துச் சுவரை முழுசாகப் பார்த்தான்.

முதலில் மார்பிள்தான் தெரிந்தது. அவ்வளவு அழகான சுவரை அவன் வாழ்நாளில் போட்டதில்லை. பிறகு நரம்புகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தன. வலது பாதியில், நேற்று அவன் கையாலேயே போட்ட நரம்புகளில், ஒரு வளைந்த முதுகு இருந்தது. இன்று போட்ட நரம்புகளில் மடங்கிய முழங்கால் இருந்தது. நடுக்கோட்டை நோக்கி நீட்டிய கை இருந்தது, கை முடிகிற இடத்தில் மடக்கிய விரல்கள் இருந்தன. இடது பாதியில், அவன் பார்க்காத நேரத்தில் மேல்வரை நிரம்பிவிட்ட நரம்புகளில், அதே உருவம் திரும்பி இருந்தது. நடுக்கோடு அவர்களுக்கு நடுவில் ஒரு மூடிய கதவு. இரண்டு பேரும் மண்டியிட்டு அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்கு மாரிசெல்வி நினைவுக்கு வந்தாள், பூலோகத்தின் மனைவி. இரண்டு மாதம் முன்பு வருசத் தெவசத்துக்குப் போயிருந்தான். இலை போட்டுச் சாப்பிட வைத்தாள். கிளம்பும்போது ஒரு துண்டில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"அவுக இறகுண்ணே, நீங்களே வச்சுக்கிடுங்க," என்றாள். அவன் வாங்கிக்கொண்ட பிறகுதான் மீதியைச் சொன்னாள். "உள்ளேயே மயங்கி விழுந்துட்டாவ, தட்டவே இல்லன்னு சொன்னிய. கடைசியா அவுக கையத் தொடச்சு விட்டது நாந்தாண்ணே. இடது கை விரல் முட்டியில தோலே இல்ல."

அழவில்லை, கத்தவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அந்தப் பொட்டலத்தை அவன் அன்றைக்கே சாக்கடை நாலாவில் வீசிவிட்டான். கறுப்புத் தண்ணீரில் இறகுகள் பிரிந்து மிதந்து போனதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

போய்விட வேண்டும். வேலையும் வேண்டாம், சாதனாவும் வேண்டாம். அவன் கதவு பக்கம் திரும்பினான்.

கதவு மூடியிருந்தது.

பட்டி வாளி எதிர்ச் சுவரோரம் இருந்தது. தரையில் இழுபட்ட தடம் இல்லை.

அவன் கதவை நோக்கி ஓடும்போது காலில் ஏதோ தட்டியது. தின்னர் டின். அதை மூடித்தான் வைத்திருந்தான். மூடி பக்கத்தில் தனியாக, ஒழுங்காக, மல்லாத்தி வைக்கப்பட்டிருந்தது. டின் சாய்ந்து ஐந்து லிட்டரும் குபுகுபுவென்று தரையில் பரவியது. செய்தித்தாள் நனைந்து, அதற்கடியில் போய், கதவு வரை ஓடி, கதவடியில் முட்டித் தேங்கியது. வெளியே போகவில்லை. கதவடியில் இடைவெளி இல்லை.

அப்போது கேட்டது அந்தச் சத்தம்.

சர்ர்ர்ர்.

மாஸ்கிங் டேப்பைச் சுருளிலிருந்து இழுக்கிற சத்தம். கதவுக்கு வெளியே. பிறகு பல்லால் கடித்துக் கிழிப்பது. பிறகு கட்டைவிரலால் அழுத்தி நீவுவது. மெதுவாக. வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு. இடது கைக்காரன் நீவுகிற மாதிரி.

சர்ர்ர்ர்.

இந்த வேலை பேச்சிராஜாவுக்குத் தெரியும். லாக்கர் போடும்போது ஒரு தூசி விழக் கூடாது. ஒருவன் உள்ளே போய்ப் பூசுவான், மற்றவன் வெளியே நின்று கதவின் நாலு பக்கமும் டேப் ஒட்டுவான். கைப்பிடி கழற்றிய கதவை உள்ளேயிருந்து இழுக்க முடியாது. உள்ளே இருப்பவன் முடித்ததும் மூன்று தடவை தட்ட வேண்டும். தட்டினால் வெளியே இருப்பவன் அந்த நிமிடமே டேப்பைக் கிழித்துத் திறக்க வேண்டும். பத்து வருடம் அப்படித்தான் செய்தார்கள். இன்றைக்கு நீ உள்ளே, நாளைக்கு நான். தட்டினால் திறப்பான் என்ற நம்பிக்கையில்தான் இருவரும் மாறி மாறி உள்ளே போனார்கள்.

அவன் கதவில் நகத்தைக் கொடுத்து இழுத்தான். வழவழப்பான கதவு. விரல் வழுக்கியது. கைப்பிடி இருந்த ஓட்டையில் விரலை விட்டான். அந்தப்புறம் டேப். குத்தினான். அதற்குப் பின்னால் இன்னொரு டேப். அதற்கும் பின்னால் ஒரு கட்டைவிரல், வெதுவெதுப்பாக, திருப்பி அழுத்தியது.

விரலைப் பிடுங்கிக்கொண்டான்.

திருப்புளி வேண்டும். திருப்புளி வெளியே, டீ கிளாஸுக்குப் பக்கத்தில். ஜன்னலை அடைத்த போர்டை உடைக்கலாம். ஓடிப்போய்த் தோளால் மோதினான். ஒரு முறை. இரண்டு முறை. போர்டு சிணுங்கக்கூட இல்லை, நிஜக் கல் மாதிரி நின்றது. மோதிய தோள் மரத்துப்போனது. கையை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. கல்லின் குளிர்ச்சி. பெயின்ட் எங்கேயும் ஒட்டவில்லை.

"சார்," என்று கத்தினான். "ஜம்பு சார்."

கடைசி அறையில், மேசை மேல், அந்தக் காது மெஷின் கிடக்கும். கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கேட்டாலும், நாலு மணிக்கு மேல் செக்ரட்டரியிடம் புகார் சொல்வார்கள்.

நாற்றம் தொண்டையைப் பிடித்தது. இனிப்பாக, கூர்மையாக. கண் எரிந்தது. துணியை வாயில் கட்டினான். துணியிலும் தின்னர். காலையில் அந்த நரம்பை அழித்த அதே துணி. பிய்த்து எறிந்தான்.

கதவு முன்னால் மண்டியிட்டான். தரையில் தேங்கியது லுங்கியில் ஊறி, தோலில் சுட்டது.

தட்டினான்.

மூன்று தடவை.

வெளியே டேப் சத்தம் நின்றது.

செம்பூரில் அன்றைக்கும் இப்படித்தான் நிசப்தமாக இருந்தது. ஜன்னல் இல்லாத ஒரு டிரஸ்ஸிங் ரூம். உள்ளே பூலோகம், லாக்கர் பூசிக்கொண்டு. வெளியே இவன், கையில் டீ. அன்று காலையில்தான் சாதனா சொல்லியிருந்தாள், பூனாவில் பெரிய ஹோட்டல் வேலை ஒன்று வருகிறது, அதற்குப் பூலோகம் மட்டும் போதும் என்று. பூலோகம் அதை இவனிடம் சொல்லிச் சிரித்தான். நான் மட்டும் போவேனா மாப்ள, நீ இல்லாம எனக்கு வலது பாதி யாரு போடுவா என்றுதான் சொன்னான். அந்தச் சிரிப்புதான் இவனுக்கு ஆகவில்லை. உள்ளேயிருந்து மூன்று தட்டுக் கேட்டது. இவன் கிளாஸில் பாதி டீ இருந்தது. எழுந்திருக்கப் போனவன் மறுபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டான். மறுபடி தட்டியது. டீயை உறிஞ்சினான். தட்டல் வேகமானது, தாறுமாறானது, இரண்டு கையாலும் அறைவது, பிறகு ஒரு கை, பிறகு கதவின் அடியில் எங்கேயோ ஒன்றே ஒன்று. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து டேப்பைப் பிரித்தபோது அது நின்றுபோய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

கொல்ல நினைக்கவில்லை. அதை அவன் எத்தனையோ தடவை தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கொல்ல நினைக்கவே இல்லை.

"பூலோகம்," என்றான். "மாப்ள. தொறலே. தப்புத்தாம்லே. தட்டுனது கேட்டுச்சுலே. எனக்குக் கேட்டுச்சு."

பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டான். சொன்னால் கதவு திறக்கும் என்று ஒரு நொடி நம்பினான்.

கதவுக்கு வெளியே யாரோ தரையில் உட்கார்ந்தார்கள். முதுகு கதவில் சாய்ந்தது. மரம் லேசாக முனகியது. டீ கிளாஸ் மேல் மூடியிருந்த காகிதத்தை எடுக்கிற சரசரப்பு.

பிறகு உறிஞ்சும் சத்தம். நிதானமாக. ஒரு வாய்.

தட்டினான். கையால். விரல் முட்டியால். முட்டியில் தோல் உரிந்தது. வலி தெரியவில்லை. கதவில் சிவப்பாக ஒரு தடம். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று.

இன்னொரு வாய்.

கிராம்பைக் கடித்து நொறுக்கிவிட்டு, அந்தப்புறத்திலிருந்து, மரத்தோடு வாயை ஒட்டி வைத்து, அந்தக் குரல் பேசியது. அவனுக்குத் தெரிந்த குரல். ஒரே தெருக் குரல். அன்றைக்கு அவன் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட, உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத அந்த வார்த்தையை அது சொன்னது.

"கொஞ்சம் கெடக்கட்டும்."

தலை சுற்றியது. கதவில் கன்னத்தை வைத்தபடியே அவன் சரிந்தான். சரியும்போது கண் சுவரில் நின்றது. விளக்கு இன்னும் எரிந்தது. சுவர் பளபளத்தது, லாக்கர் போடாமலேயே, முகம் தெரிகிற அளவுக்கு.

வலது பாதியில் அவன் மண்டியிட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

இடது பாதி பொருந்தவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சுவர்களிலேயே முதல் தடவையாக, இரண்டு பாதியும் பொருந்தவில்லை. அங்கே இருந்தவன் தட்டுவதை நிறுத்தியிருந்தான். நடுக்கோட்டில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் இடது கையில் ஒரு கிளாஸ் இருந்தது. அது இன்னும் பாதிதான் காலியாகியிருந்தது.